ஒட்சிசன் சேம்பருக்குள் படுக்கமுதல் காலுறையைக் கழற்றுங்கள்

எங்கள் மாமாவுக்கு இருபத்திரண்டு வருடமாகச் சீனி வருத்தம். சித்திரையில் வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்னக் கொப்புளம் வந்தது. வைகாசியில் அது புண்ணாகிவிட்டது. ஆனி பிறக்கும்போது உள்ளே பஞ்சு வைக்கிற அளவுக்குப் பள்ளம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மாடிக்கொரு வைத்தியம் சொல்ல ஆள் உண்டு. மூன்றாம் மாடி அன்ரி, கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய வீடியோ ஒன்றைக் காட்டினார். கண்ணாடிக் குழாய்க்குள் ஒருவர் படுத்திருக்கிறார், ஒட்சிசன் ஏற்றுகிறார்கள், வெட்டவேண்டிய கால் தப்பிவிட்டதாம். இப்போது கொழும்பிலும் செய்கிறார்களாம். அடுத்த நாளே மாமி மாமாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

40 தடவைக்கு ஒரு பெக்கேஜ். பாதிக் காசு முற்பணம். முழுக் காசுக்கு ஓடக்கூடிய ஒரு பழைய ஓட்டோவே வாங்கியிருக்கலாம். மாமா 11 தடவை போனார். அந்தப் பதினொரு தடவையிலும் அவருடைய காலுறையைக் கழற்றிப் புண்ணைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். உள்பெட்டியில் கேட்டாலும் சொல்லமாட்டேன். அது ஒரே ஓர் இடத்தின் கதை என்று நான் நினைக்கவில்லை.

நான் டொக்டர் இல்லை, கணக்குப் பார்க்கிற ஆள். ஆனால் மாமாவின் புண்ணியத்தில் இரண்டு மாதம் இதைப் பற்றி வாசித்தும், பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் வரிசையில் நின்று கேட்டும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். முதலில் ஒன்று: அழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆளை வைத்து ஒட்சிசன் கொடுக்கிற இந்தச் சிகிச்சை சுத்தப் பொய் என்றால் இந்தப் பதிவு நாலு வரியில் முடிந்திருக்கும். பொய் இல்லை. உண்மையான மருந்து. அதனால்தான் அதன் பெயரை வைத்து எதையும் விற்க முடிகிறது.

எங்கள் ஆட்களுக்கு இதைப் புரியவைக்கக் கடல் போதும். மன்னாரில் சங்கு குளிக்கிறவர்கள், வடக்கில் கடலட்டைக்குச் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வருத்தம் தெரியும். ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. அவசரப்பட்டு மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி அது குமிழியாகக் கிளம்பும். மூட்டு நோவு, கால் விறைப்பு, சிலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விடும். அதற்கு மருந்து, ஆளைத் திரும்ப அழுத்தத்துக்குள் வைத்து ஒட்சிசன் கொடுத்து மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவது. திருகோணமலையில் கடற்படையிடம் அழுத்த அறை இருப்பது இதற்காகத்தான். அந்த வருத்தத்தில் இந்தச் சிகிச்சைக்கு வேறு மாற்றே இல்லை. உடனே போகவேண்டும், அவ்வளவுதான்.

தரையில் நம்மைச் சுற்றி இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் 10 மீற்றர் இறங்கினால் அது இரண்டாகும். ஆஸ்பத்திரிகளில் செய்யும் உண்மையான சிகிச்சையில் பெரும்பாலும் 2 தொடக்கம் 3 வரை ஏற்றி, தனி ஒட்சிசனை ஒன்றரை இரண்டு மணித்தியாலம் சுவாசிக்கவைப்பார்கள். அந்த அழுத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் ஒட்சிசனைச் சுமப்பதில்லை, இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே அது கரைந்துவிடுகிறது. 1960இல் நெதர்லாந்தில் பூரேமா என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பன்றிகளின் சிவப்பணுக்களை ஏறத்தாழ முழுவதும் அகற்றிவிட்டு, 3 வளிமண்டல அழுத்தத்தில் ஒட்சிசன் கொடுத்து அவற்றை உயிரோடு வைத்துக் காட்டினார். பாவம் பன்றிகள். ஆனால் விஷயம் நிரூபணமாகிவிட்டது.

இப்போது மாமாவுக்கு வருவோம். கிளினிக்கில் இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை அழுத்தம் வைத்தவை, ஐயா?” மாமாவுக்குத் தெரியாது, மாமிக்கும் தெரியாது. நல்லவேளையாக மாமா மருமகனுக்கு அனுப்பப் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். அதில் மானியின் முள் 1.3இல் நிற்கிறது. டொக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது சேம்பர் இல்லை ஐயா, பை,” என்றார்.

உண்மைதான். மாமா படுத்தது ஜிப் வைத்த, காற்று அடித்து உப்பவைக்கிற ஒரு பைக்குள். 1.3 என்றால் கடலில் மூன்று மீற்றர் ஆழம், நீச்சல் தடாகத்தின் அடி மாதிரி. அந்த அழுத்தத்தில் வெறும் காற்றைச் சுவாசித்தால், தரையில் இருந்துகொண்டு 27 வீத ஒட்சிசன் சுவாசிப்பதற்குச் சமம். சாதாரண 21 வீதம். வாட்டில் மூக்குக்குழாய் போட்டால் கிடைக்கிற அளவுதான் அது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இந்தப் பைகளுக்கு அனுமதி கொடுத்தது மலை ஏறுகிறவர்களுக்கு வரும் உயர நோய்க்கு மட்டும். வெள்ளவத்தையில் எங்கே மலை?

டொக்டர் அடுத்துச் செய்தது ஒரு நிமிட வேலை. மாமாவின் பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். இல்லை. கணுக்காலுக்குப் பின்னால் பார்த்தார். இல்லை. இரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டொப்ளர் ஸ்கானில் முழங்காலுக்குக் கீழே குழாய் அடைத்திருந்தது தெரிந்தது. இரத்தமே போகாத இடத்துக்கு ஒட்சிசனை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அடைப்பை எடுக்கவேண்டிய நேரத்தில் மாமா மூன்று கிழமைக்கு மேல் பைக்குள் படுத்திருக்கிறார். எனக்குக் கோபம் காசில் இல்லை, அந்த நாட்களில்தான்.

“அப்போ நீரிழிவுப் புண்ணுக்கு இது கேட்காதா?” என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதில் நேர்க்கோடாக இல்லை. சுவீடனில் 2010இல் வெளிவந்த ஒரு நல்ல ஆய்வில், உண்மையான அழுத்தத்தில் ஒட்சிசன் பெற்றவர்களில் ஒரு வருடத்தில் 52 வீதமானோருக்குப் புண் முழுதாக ஆறியது. அதே அறையில் வெறும் காற்றுக் கொடுக்கப்பட்டவர்களில் 29 வீதம். பார்க்க நல்லாத்தான் இருக்கிறது. பிறகு 2016இல் கனடாவில் செய்தார்கள், காலை வெட்டவேண்டிய நிலை குறையவில்லை. 2018இல் நெதர்லாந்துக்காரர்கள் செய்தார்கள், தெளிவான பலன் வரவில்லை, பலரால் எல்லாத் தடவைகளையும் முடிக்கவும் முடியவில்லை. சுவீடன் ஆய்வில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: சேர்க்கப்பட்டவர்கள், பாதத்துக்கு இரத்தம் போதுமான அளவு போகிறவர்கள், அல்லது அடைப்பு இருந்தும் அதைச் சரிசெய்ய வழியே இல்லை என்று முடிவானவர்கள். மாமாவைப் போல, சரிசெய்யக்கூடிய அடைப்போடு நேரே சேம்பருக்குள் போட்ட ஆட்கள் இல்லை.

அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதி இதற்குக் காசு கொடுக்கிறது, ஆனால் நிபந்தனையோடு. புண் ஆழமாக இருக்கவேண்டும், எலும்பு வரை தொற்றுப் போயிருக்கவேண்டும் அல்லது உள்ளே சீழ் கட்டியிருக்கவேண்டும். 30 நாள் முறையான வைத்தியம் செய்தும் முன்னேற்றம் இருக்கக்கூடாது. முறையான வைத்தியம் என்றால் சீனிக் கட்டுப்பாடு, செத்த தசையை அகற்றுவது, கிருமிக்கு மருந்து, காலில் பாரம் விழாமல் பார்ப்பது, குழாய் அடைப்பைச் சரிசெய்வது. இதற்குப் பிறகு, அதோடு சேர்த்துத்தான் ஒட்சிசன். காசு கொடுக்கிறவன் கேட்கிற கேள்விகளை நாமும் கேட்கலாம்தானே, இங்கே காசு கொடுப்பது நாம்தானே.

ஏற்றுக்கொள்ளப்பட்ட வருத்தங்களின் பட்டியல் நீளமானதல்ல, பத்துப் பதினைந்துதான். சுழியோடிகளின் நோய், இரத்தத்தில் காற்றுக் குமிழி, தசை அழுகும் கடும் தொற்று, நசுங்கிய காயம், வேறிடத்திலிருந்து எடுத்து வைத்த தோல் ஒட்டாமல் கறுப்பது இப்படி. காபனோரொட்சைட் நஞ்சும் அதில் உண்டு. மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேற்றரை வீட்டுக்குள் வைத்து ஓடவிட்டவர்கள் கவனிக்கவேண்டியது. அந்த நஞ்சு இரத்தத்தில் பாதியாகக் குறையச் சாதாரணக் காற்றில் ஐந்து மணித்தியாலம் மட்டில் எடுக்கும், முகமூடி ஒட்சிசனில் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு, 3 அழுத்தத்தில் அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனால் சேம்பர் தேடி ஓடுவதற்கு முன் ஆளை வெளியே எடுத்து, அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் முகமூடி ஒட்சிசனைத் தொடங்குவதுதான் முதல் வேலை.

இன்னும் இரண்டைச் சொல்லவேண்டும், எங்கள் ஊரில் தெரியாமலே போகிறது. ஒன்று, காரணம் தெரியாமல் திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது. “குளிர் பட்டது, சரிவரும்” என்று இருக்காதீர்கள். ஸ்டீரொயிட் மருந்தோடு சேர்த்து இந்தச் சிகிச்சையும் உதவலாம், அதுவும் இரண்டு கிழமைக்குள் என்றால் நல்லது. மற்றது, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த பிறகு வருடக்கணக்கில் தொடரும் பாதிப்பு. வெற்றிலை போட்டு வாய்ப்புற்று வந்து, மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு எடுத்து, பிறகு ஒரு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் நிற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கதிர்வீச்சால் சிறுநீர்ப்பையில் இரத்தம் போகிறவர்களுக்கு இது உதவுகிறது என்று 2019இல் வந்த வடஐரோப்பிய ஆய்வு காட்டியது. இவர்கள் தங்கள் நிபுணரிடம் இதைக் கேட்டே பார்க்கவேண்டும்.

பட்டியலில் இல்லாதவை: ஓட்டிசம், பெருமூளை வாதம், புற்றுநோயைக் குணமாக்குவது, முதுமையைத் திருப்புவது. பெருமூளை வாதம் உள்ள 111 பிள்ளைகளை வைத்துக் கனடாவின் கியூபெக்கில் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு 1.75 அழுத்தத்தில் ஒட்சிசன், மறுபாதிக்கு 1.3இல் வெறும் காற்று. இரண்டு பக்கமும் முன்னேறின, வித்தியாசம் இல்லை. பிள்ளையோடு இரண்டு மாதம் ஓடித் திரிந்து, விளையாட்டுக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தால் பிள்ளை கொஞ்சம் முன்னேறத்தான் செய்யும். அதைச் சேம்பரின் கணக்கில் எழுதக்கூடாது. ஓட்டிசப் பிள்ளைகளின் அம்மாமாரிடம் இந்தப் பெக்கேஜை விற்கிறவர்களைப் பற்றி எழுதினால் என் வாய் நல்லாயிராது, விடுகிறேன்.

ஆபத்து இல்லாத சிகிச்சை என்று சொல்வார்கள். நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்கிறதே, அதுதான் இங்கே வரும் சாதாரணத் தொல்லை. விழுங்கவும் மூக்கைப் பிடித்து ஊதவும் பழக்கவேண்டும். தடிமன் இருந்தால் அன்று போகக்கூடாது. பல தடவை எடுத்தால் கிட்டப்பார்வை வரலாம், சிகிச்சை முடிந்து சில கிழமைகளில் பெரும்பாலும் பார்வை பழையபடி வரும், அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி செய்யாதீர்கள். நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று நெஞ்சறைக்குள் சிக்கியிருந்தால் உள்ளே போகவே கூடாது. பிளியோமைசின் போன்ற புற்றுநோய் மருந்து எப்போதாவது ஏற்றியிருந்தால் கட்டாயம் சொல்லவேண்டும். அரிதாக, ஒட்சிசன் கூடி வலிப்பும் வரும்.

சீனி வருத்தக்காரருக்கு இன்னொன்று: உள்ளே இருக்கும்போது சீனி இறங்கலாம். போகமுதல் சாப்பிட்டிருக்கவேண்டும், விரலில் குத்திச் சீனி பார்க்கவேண்டும். மாமாவை “சாப்பிடாமல் வாங்கோ” என்று சொல்லியிருக்கிறார்கள். காலையில் இன்சுலின் போட்டுவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். ஏழாம் தடவை உள்ளே வியர்த்து நடுங்கி, ஜிப்பைத் திறக்கச் சொல்லிக் கையால் தட்டியிருக்கிறார். வெளியே நின்ற பொடியன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தானாம். மாமி கைப்பையிலிருந்த டொபியைக் கொடுத்துச் சமாளித்தார். பொடியனில் பிழை சொல்லமாட்டேன், அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

நெருப்பு வேறு. 1997இல் இத்தாலியின் மிலான் நகரில் ஓர் ஆஸ்பத்திரிச் சேம்பர் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். ஒரு நோயாளி உள்ளே கொண்டுபோன, கையைச் சூடாக்கும் சின்னச் சாதனமே காரணம் என்றார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் 5 வயதுப் பையன் சேம்பருக்குள்ளேயே இறந்தான். அதனால்தான் நல்ல இடங்களில் பருத்தி உடுப்பை அவர்களே தருவார்கள். போன், கைக்கடிகாரம், லைற்றர், நைலோன் சேலை, வாசனைத் திரவியம், எண்ணெய், தைலம் எதுவும் உள்ளே போகாது. எங்கள் மாமா ஒவ்வொரு நாளும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, முழங்காலுக்குச் சித்தாலேபத் தைலம் பூசிக்கொண்டுதான் போனார். போனையும் உள்ளே கொண்டுபோனதால்தான் அந்தப் படமே எங்களுக்குக் கிடைத்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆகவே யாராவது உங்களிடம் பெக்கேஜ் நீட்டினால், விலைக்கு முன் வருத்தத்தின் பெயரைக் கேளுங்கள், எத்தனை அழுத்தம், காற்றா தனி ஒட்சிசனா என்று கேளுங்கள். எந்த டொக்டர் பொறுப்பு, அவர் மருத்துவப் பேரவையில் பதிந்தவரா என்று பாருங்கள். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதியவேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. எத்தனையாம் தடவையில் புண்ணை அளந்து பார்ப்பார்கள், ஆறாவிட்டால் எப்போது நிறுத்துவார்கள் என்றும் கேளுங்கள். 40 என்று முதல்நாளே முடிவுசெய்து காசு வாங்குகிறவரிடம் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்காது.

மாமாவுக்குக் குழாயில் பலூன் போட்டு அடைப்பைத் திறந்தார்கள். பெருவிரல் போய்விட்டது. பாதம் இருக்கிறது, புண் சிவந்து மேலே வருகிறது, வாட்டு மிஸ்மார் சொல்லித்தந்தபடி மாமிதான் மருந்து கட்டுகிறார். எடுக்காத தடவைகளுக்குக் கட்டிய முற்பணத்தைத் தாருங்கள் என்று மாமி மூன்று தரம் அந்த இடத்துக்கு ஏறி இறங்கிவிட்டார். “மனேஜர் இல்லை” என்கிறார்களாம். வெள்ளிக்கிழமை நானும் கூடப் போகிறேன், கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு.