எழுத்து நின்றுபோனவர்கள் எங்கே போக வேண்டும்?

எழுத முடியவில்லை, வரைய முடியவில்லை என்று மனம் நொந்து பேசும் நண்பர்கள் அண்மைக் காலத்தில் பெருகிவிட்டார்கள். தருமபுரியில் இருக்கும் கவிஞர் ஒருவர், ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே ஓவியம் வரையும் இளைஞர் ஒருவர், இருவரும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள்: "உள்ளே ஒன்றுமே இல்லை." இவர்களுக்கு ஊர் சொல்லும் அறிவுரை இரண்டுதான். தினமும் உட்கார்ந்து எதையாவது எழுது என்பது ஒன்று. விட்டுவிடு, தானாக வரும் என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி மருந்துதான் என்பது என் உறுதியான கருத்து. உள்ளே ஒன்றுமில்லாமல் போவதற்குக் காரணம், வெளியிலிருந்து எதுவும் நெடுநாளாக உள்ளே போகவில்லை என்பதே. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, தன்னை விட்டு வெளியே வந்து ஏதேனும் ஒன்றைப் பொறுமையாகப் பார்ப்பது.

இதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும், மாண்ட வீரர்களின் நினைவாக எடுத்த நடுகற்கள் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றை வேடியப்பன் என்று மக்கள் இன்றும் மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்குகிறார்கள். வீரனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலைகளாகச் சொல்கிறது. கல்லை நடுவதும் வாழ்த்துவதும் பின்னால் வருபவை. தகுந்த கல்லைத் தேடிச் சென்று காண்பதுதான் முதல் வேலை. நம்மில் பெரும்பாலோர் கல்லைத் தேடாமலேயே வாழ்த்துப் பாட உட்கார்ந்துவிட்டு, பாட்டு வரவில்லையே என்று வருந்துகிறோம்.

கல்வெட்டு ஆர்வலர் ஒருவர் மைப்படி, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் படியெடுப்பதை, அருகில் நின்று பார்த்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் படிந்த கல்லை முதலில் நன்றாகக் கழுவித் தேய்த்தார். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் விடாமல் தட்டத் தட்ட, எழுத்து வெட்டிய பள்ளங்களுக்குள் தாள் இறங்கியது. பிறகு மையை ஒற்றி எடுத்தபோது, கறுப்பின் நடுவே வெள்ளையாக வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து எழுந்து வந்தது. அதுவரை அந்தக் கல்லில் எனக்கு ஒரு வில்லும் கையும் மட்டுமே தெரிந்திருந்தன. அங்கே நின்றிருந்த நேரம் முழுவதும் "நான் ஏன் எழுதவில்லை" என்ற நினைவு எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. அன்று இரவு இரண்டு பக்கம் எழுதினேன். அது கதையும் இல்லை, கவிதையும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய குறிப்பு. ஆனால் நெடுநாள் கழித்துக் கை தானாக ஓடியது.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் நடுகல் இருக்கிறது. வீரனோடு சேர்த்து ஒரு நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும், இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். வீரம், தியாகம் என்று பொதுவாகச் சொல்லி முடித்திருந்தால் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கடந்தும் அந்த நாய் நம் முன் நிற்குமா? சோகம், காதல், தனிமை என்ற பெரிய சொற்களை மட்டுமே வைத்துக்கொண்டு எழுதுபவருக்கு விரைவில் சரக்கு தீர்ந்துவிடும். நாயின் பெயரைக் கேட்டு எழுதுபவருக்குத் தீராது.

தானாக வரும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிரகாம் வாலஸ் என்ற ஆங்கில அறிஞர் 1926-இல் படைப்பின் படிகளை நான்காகப் பிரித்தபோது, மனம் அறியாமல் ஊறும் பருவத்தை இரண்டாவதாகத்தான் வைத்தார். அதற்கு முன் ஆயத்தம் இருக்கிறது. ஊறப் போட எதுவுமின்றி ஊறட்டும் என்று இருப்பதில் பயனில்லை. நடப்பது உதவும் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோதைவிட நடந்தபோது புதிய யோசனைகள் சராசரியாக 60 விழுக்காடு கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் கூடின. ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் வேலைக்கு நடை உதவவில்லை. எனவே யோசிக்க நடக்கலாம், திருத்துவதற்கு உட்கார வேண்டும்.

கூத்துக் கலைஞர்களிடம் கற்க வேண்டியது இன்னும் மிகுதி. நம் பக்கத்துப் பாரதக் கூத்தில், வேடம் கட்டுபவர் மனநிலை வரட்டும் என்று காத்திருப்பதில்லை. முகத்தில் அரிதாரம் பூசி, தோளில் கட்டைகள் ஏற்றி, திரைக்குப் பின் நின்று வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாட்டை எடுத்துவிடுகிறார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அந்தப் பழைய சட்டத்துக்குள் நின்றுகொண்டே அந்த ஊர்ப் பஞ்சாயத்தையும் அன்றைய விலைவாசியையும் இழுத்துவந்து, யாரும் எழுதித் தராத புதுப் பேச்சைப் பேசுகிறார். புதிதாக ஒன்றும் வராத நாளில் பழையதைக் கையில் எடுப்பதில் இழுக்கு எதுவும் இல்லை. பிடித்த பாடலை வாய்விட்டுப் படிக்கலாம், பிடித்த ஓவியத்தைப் பார்த்து வரையலாம், பாட்டி சொன்ன கதையை அவர் சொன்னபடியே எழுதி வைக்கலாம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். துக்கத்தில் இருப்பவர் எழுதாமல் இருக்கட்டும். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருப்பவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சமையலும் பிள்ளைகளும் வேலையும் முடித்து இரவு பதினொரு மணிக்கு நோட்டைத் திறக்கும் பெண்ணிடம் "உங்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டது" என்று சொல்வது அநியாயம். அவருக்கு வேண்டியது வீட்டார் விட்டுக்கொடுக்கும் ஒரு மணி நேரம்.

ஓசூர்த் தம்பியிடம், புளிக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து கொட்டையும் நாரும் நீக்கும் பெண்களோடு ஒரு பகல் இருந்துவிட்டு வா என்றேன். கூலி எவ்வளவு, எந்த விரலில் முதலில் வலி எடுக்கும், எந்த மரத்துப் புளி சதைப்பற்று என்று கேள், ஓவியத்தை அப்போது நினைக்காதே என்றும் சொன்னேன். போய்வந்திருக்கிறார், இப்போது கைகளாக வரைந்து தள்ளுகிறார்.

வரும் ஞாயிறு காலை நானும் அந்தக் கவிஞரும் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பார்க்கப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். எதையும் எழுதிக் காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.