மெக்லமோர் அவென்யூ நகல் இல்லை

‘மெக்லமோர் அவென்யூ’ என்ற அமெரிக்க இசை ஆல்பத்தைக் கேலி செய்து நேற்று ஒருவர் பதிவு போட்டார், அதன் கீழே ஒரே சண்டை. ‘மெக்லமோர் அவென்யூ’ வெறும் நகலாம், ஓட்டல் வரவேற்பறையில் ஓடவிடும் இசையாம். அதற்கு அத்தனை சிரிப்பு ரியாக்‌ஷன்கள்.

1969 செப்டம்பரில் ஆங்கிலேய ராக் குழுவான பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ ஆல்பம் வந்தது. அதைக் கேட்டு அசந்துபோன புக்கர் டி. ஜோன்ஸ், தன் எம்.ஜி.ஸ் குழுவோடு அந்தப் பாடல்களை ஆர்கன் என்ற கீபோர்டு வாத்தியத்தில் வாசித்து அடுத்த ஏப்ரலிலேயே ஆல்பமாக வெளியிட்டார். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், இவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான ஸ்டாக்ஸின் ஸ்டுடியோ இருந்த தெருதான் மெக்லமோர். ‘அபே ரோடு’ அட்டையில் பீட்டில்ஸ் நால்வரும் தெருவைக் கடப்பதுபோலவே, இதன் அட்டையில் இந்த நால்வரும் மெக்லமோரைக் கடக்கிறார்கள். அட்டையைப் பார்த்தே நகல் என்று முடிவுகட்டிவிட்டீர்கள்.

உள்ளே கேளுங்கள். பீட்டில்ஸ் முடிக்கிற இடத்தில் இவர்கள் ஆரம்பிக்கிறார்கள். ‘கோல்டன் ஸ்லம்பர்ஸ்’ தொடங்கி ஐந்து பாடல்கள், பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே ஓட்டம். ‘ஆக்டோபஸஸ் கார்டன்’ போன்ற சிலவற்றைத் தொடவே இல்லை. பாடகர் கிடையாது. வரிகள் சொன்னதையெல்லாம் ஆர்கன் சொல்லியாக வேண்டும். வரிசையை மாற்றுவதும் வேண்டாததை விடுவதும் நகலெடுப்பவர் செய்கிற வேலையா?

வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த காலத்தில் இரவெல்லாம் எனக்குத் துணை இதிலுள்ள ‘சம்திங்’தான். அப்போது என் ஆங்கிலம் அரைகுறை. வரிகளே இல்லாத அந்த இசை எனக்கு முழுதாகப் புரிந்தது. மூலப் பாடலை அப்புறம்தான் தேடிக் கேட்டேன்.

‘சொந்தமாக எழுத வராதவர்கள்’ என்கிறார் ஒருவர். 1962-ல் இவர்களுடைய ஹிட் இசைத்துண்டு ‘கிரீன் ஆனியன்ஸ்’ வந்தபோது புக்கர் டிக்கு 17 வயது. அது அவர்களுடைய சொந்தச் சரக்கு. ‘காசுக்காகச் செய்தது’ என்கிறார் இன்னொருவர். சரி, இருக்கட்டும். ஹிட் பாடல்களை ஆர்கனில் வாசித்து விற்றவர்கள் அப்போது நிறைய, பலதும் சுமார்தான். அதனால் இதுவும் சுமாராகிவிடுமா?

பீட்டில்ஸின் முதல் ஆல்பம் 1963-ல் வந்தது. 14 பாடல்களில் ஆறு அடுத்தவர்களுடையவை, அநேகமும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடிப் பிரபலமாக்கியவை. அதை யாரும் நகல் என்பதில்லை. 1966-ல் இதே ஸ்டாக்ஸில் வந்து பதிவு செய்ய பீட்டில்ஸே ஆசைப்பட்டார்கள், நடக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கை 1968-ல் சுட்டுக் கொன்ற ஊர் மெம்ஃபிஸ். அங்கே இரண்டு கறுப்பரும் இரண்டு வெள்ளையரும் ஒரே குழுவாக நின்று வாசித்தார்கள். அவர்களைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்?

அந்தப் பதிவை எழுதியவர் என் நெடுநாள் நண்பர். ஆல்பத்தை அவருக்கு அனுப்பியதே நான்தான். இசைத்தட்டின் முதல் பக்கத்தைக்கூட முழுதாகக் கேட்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.