36 வீடு, 4 புடலங்காய்

(மதுரையில் ஒரு காலனி. குப்பை கொட்டிக் கிடந்த பொது இடத்தைச் சுத்தம் பண்ணிப் போட்ட தோட்டம். பொங்கலுக்கு முதல் நாள், காலை ஆறு மணி, பனி இன்னும் விலகவில்லை. ரிட்டையர்டு கண்டக்டர் இரத்தினமும் டெய்லர் மல்லிகாவும் காய் பறிக்கிறார்கள். ஏழு மணிக்குப் பங்கு வாங்க ஆள் வரும்.)

இரத்தினம்: மல்லிகா, நம்ம தோட்டத்து வாட்ஸப் குரூப்புல மொத்தம் எத்தனை பேரு?

மல்லிகா: 41 பேருண்ணே.

இரத்தினம்: இப்ப இங்கிட்டு நிக்கிறது?

மல்லிகா: நீங்க, நான், அந்தச் செவலை நாய்.

இரத்தினம்: நாயைக் கணக்குல சேர்க்காத. அது குரூப்புல இல்ல.

மல்லிகா: அதான் வேலைக்கு வந்திருக்கு.

இரத்தினம்: ஆடிப்பெருக்கு அன்னைக்கு விதை போடுறப்ப பாத்தியா? தீபாவளிக்கு முதல் நாள் பஸ் மாதிரில்ல கூட்டம்! ஒரு வெண்டை விதையை நாலு பேரு பிடிச்சுக்கிட்டு போட்டோ. களை எடுக்கணும்னு மெசேஜ் போட்டேன், 38 கட்டைவிரல் வந்துச்சு. கைதான் வரல.

மல்லிகா: அது எதுக்குண்ணே கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே பேசுறீங்க?

இரத்தினம்: கடவாப்பல்லு. நேத்து ராத்திரி உங்க மதினி ஒரு கூட்டு வச்சா. கூட்டா அது, கருங்கல் ஜல்லி. அதை விடு. அவரை எவ்வளவு தேறுச்சு?

மல்லிகா: 6 கிலோ. இதைத்தான் ஐப்பசியில வெட்டி எறியச் சொன்னாரு நம்ம செக்ரட்டரி. "மூணு மாசமா இலையா விடுது, ஒரு காயில்ல, இது மலட்டுக் கொடி"ன்னாரு.

இரத்தினம்: நீ அன்னைக்கு அரிவாளைப் பிடுங்கிக்கிட்டு நின்ன நிலை இருக்கே...

மல்லிகா: பின்ன என்னண்ணே? பந்தல் அவரை பகல் குறைஞ்சாத்தான் பூக்கும். ஆடியில போட்டாலும் பனி இறங்குற காலத்துலதான் காய்க்கும். ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியில ஒருநாள் பயிற்சிக்குப் போனேன்ல, அங்க சொன்னாங்க. எங்க அப்பத்தா எந்தக் கல்லூரிக்கும் போகாமலே சொன்னுச்சு.

இரத்தினம்: பயிற்சிக்கு நீ மட்டுமா போன? ரெண்டாவது மாடித் தம்பியும்தான் வந்தான். பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி பஞ்சகவ்யான்னு சொல்லிவிட்டாங்க. அவன் பத்து லிட்டர் பஞ்சகவ்யாவுல 300 மில்லி தண்ணி ஊத்தினான். அந்த வாரம் கீரை கருகுனது மட்டுமில்ல, ஏ பிளாக்குல பொண்ணு பாக்க வந்தவங்க நாத்தம் தாங்காம கீழேயே திரும்பிப் போயிட்டாங்க.

மல்லிகா: அந்தப் பொண்ணு எனக்கு வந்து தேங்க்ஸ் சொன்னுச்சுண்ணே.

இரத்தினம்: சரி, பங்கு போடு. 36 வீடு.

மல்லிகா: அவரை வீட்டுக்கு 166 கிராம். கத்தரிக்காய் 54 இருக்கு. தலைக்கு ஒன்றரை.

இரத்தினம்: அரைக் கத்தரிக்காயை எப்படிக் குடுக்குறது? பாக்கி சில்லறை அடுத்த ஸ்டாப்புல தர்றேன்னு டிக்கெட்டுக்குப் பின்னால எழுதியா குடுக்க முடியும்?

மல்லிகா: ரெண்டு வீட்டுக்கு மூணுன்னு குடுப்போம். அவங்களுக்குள்ள பேசிக்கட்டும்.

இரத்தினம்: பேசிக்குவாங்களா? சி பிளாக்குல எதிரெதிர் வீடு ரெண்டும் கார் நிறுத்துற தகராறுல எட்டு வருசமாப் பேசுறதில்ல. புடலங்காய்க்கு வா.

மல்லிகா: 4 காய். மூணு நேரா இருக்கு. நாலாவது இந்தா, ஜிலேபி.

இரத்தினம்: இதுக்கும் நுனியில கல்லு கட்டித்தானே விட்டேன்?

மல்லிகா: மூணாவது மாடி டீச்சர் அவுத்துவிட்டுட்டாங்க. "பிஞ்சுக்குக் கழுத்து வலிக்கும்ல"ன்னாங்க.

இரத்தினம்: அவங்க வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போற பையைப் பாத்திருக்கியா? அதை அவுக்க மனசு வரல, புடலங்காய்க்கு வந்திருச்சு! அந்தக் கல்லு கிடந்தா எடு, அதையே அவங்க பங்குல போடுவோம்.

மல்லிகா: அளந்துட்டேண்ணே. சராசரி நாலரை அடி. நாலு காயும் சேர்த்து 18 அடி. வீட்டுக்கு அரை அடி.

இரத்தினம்: டேப்போடதான் வந்தியா நீ? ஜிலேபியை எப்படி அளந்த?

மல்லிகா: செக்ரட்டரி வயித்தையே அளந்து சட்டை தச்சிருக்கேன், இது ஒரு வளைவா?

இரத்தினம்: மஞ்சள்தான் வம்பு. 22 கொத்துதான் தேறும். நாளைக்குப் பானையில கட்ட எல்லாருக்கும் வேணும்.

மல்லிகா: ஒவ்வொரு கொத்தையும் கிழங்கும் இலையுமா ரெண்டாப் பிரிச்சுக் கட்டலாம். வைகாசியில நட்டதுண்ணே. பூரா விளைஞ்சு வேகவச்சுக் காய வைக்க இன்னும் ஒரு மாசமாச்சும் வேணும். பானைக்குக் கட்ட இது போதும். பச்சையா இருந்தாத்தான் அழகு.

இரத்தினம்: சரி. நீ கட்டிக்கிட்டு இரு. நான் அங்கிட்டுப் போயி, விதைக்கு விட்ட சுரைக்காயை ஒரு பார்வை பாத்துட்டு வந்துர்றேன். கார்த்திகையிலேருந்து பிள்ளை மாதிரிப் பாத்துக்கிட்டு இருக்கேன். குடுக்கை மாதிரிக் காயணும், ஆட்டுனா உள்ள விதை கலகலன்னு... மல்லிகா!

மல்லிகா: என்னண்ணே? பாம்பா?

இரத்தினம்: காயைக் காணோம்! காம்பு மட்டும் நிக்குது! எவன்டா அவன்? அடுத்த ஆடிக்கு எதைப் போடுவேன்? எங்க ஊர்லேருந்து எங்க அக்கா முந்தானையில முடிஞ்சு குடுத்த விதை!

மல்லிகா: அய்யய்யோ... அது பிஞ்சு பிடிச்சதே நான் பட்ட பாடு. சுரைப்பூ பொழுது சாஞ்சாத்தான் விரியும். தேனீ வரலைன்னு நானே டார்ச் அடிச்சு, ஆண்பூவைப் பறிச்சுப் பெண்பூவுல தடவிவிட்டேன். பி பிளாக் பாட்டி மாடியிலேருந்து பாத்துட்டு, தோட்டத்துல மோகினி நடமாடுதுன்னு மறுநாள் எலுமிச்சம்பழம் கட்டுனாங்க.

இரத்தினம்: அந்தப் பழத்தையும் எவனோ ஜூஸ் போட்டுட்டான். இந்தக் காலனியில கட்டுனது எதுவும் தங்காது.

மல்லிகா: இருங்கண்ணே. விதைச் சுரைக்குன்னு அடையாளம் கட்டியிருந்தோம்ல? நான்தான் செவப்பு ஜாக்கெட் துணி கிழிச்சுக் குடுத்தேன். அது கட்டியிருந்தா யாரும் தொட மாட்டாங்களே.

இரத்தினம்: அதானே? தெரிஞ்சே பறிச்சிருக்கான். பழகுன திருடன்.

மல்லிகா: அண்ணே.

இரத்தினம்: போலீசுல சொல்லணும்.

மல்லிகா: அண்ணே, உங்க சைக்கிள்ல ஒரு மஞ்சக்கொத்து தொங்குதே...

இரத்தினம்: அது... விளைச்சல் எப்படின்னு பாக்கத்தான் நேத்து சாயங்காலம் ஒண்ணு பிடுங்குனேன்.

மல்லிகா: அதைக் கட்டியிருக்கிறது என்ன துணி?

(இரத்தினம் பார்க்கிறார். நாயும் பார்க்கிறது.)

இரத்தினம்: இருட்டுல சணல் அகப்படல. கைக்கு எட்டுன இடத்துல ஏதோ தொங்குச்சு...

மல்லிகா: நான் தச்ச தையலு எனக்குத் தெரியாதா? நீங்க போனப்புறம் ஏழு மணிக்கு நான் வந்தேண்ணே. துணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு சுரைக்காய் முத்திக்கிட்டு இருக்கேன்னு...

இரத்தினம்: பறிச்சியா?

மல்லிகா: கத்தி இறங்கல. அரிவாளாலதான் பொளந்தேன். எனக்குப் பாதி வச்சுக்கிட்டு...

இரத்தினம்: மீதிப் பாதி?

மல்லிகா: மதினிக்குக் குடுத்தேன். கூட்டு வைக்கச் சொல்லி.

இரத்தினம்: (கன்னத்தைத் தடவிக்கொண்டே) ...உன் பாதியில விதை இருக்குமா?

மல்லிகா: நேத்தே சாம்பாருல கொதிச்சிருச்சுண்ணே. முளைக்கவா போகுது?

இரத்தினம்: அந்தா, பையோட வர்றாங்க. செக்ரட்டரி கட்டைப்பை ரெண்டு எடுத்துட்டு வர்றாரு. அரை அடி புடலங்காய்க்கு!

மல்லிகா: சுரைக்காய் எங்கன்னு கேட்டா என்ன சொல்ல?

இரத்தினம்: திருட்டுப் போச்சுன்னு நானே முதல்ல சத்தம் போட்டுர்றேன். விசாரிக்க ஒரு கமிட்டி போடச் சொல்றேன்.

மல்லிகா: கமிட்டியா? நாம மாட்டிக்குவோம்ண்ணே!

இரத்தினம்: கமிட்டிக்கு வாலண்டியர் வேணும்னு குரூப்புல போடுவாரு. 38 கட்டைவிரல் வரும். கடைசியில வந்து நிக்கப்போறது யாரு?

மல்லிகா: நீங்க, நான்...

இரத்தினம்: அந்த நாய். அது சொல்லாது. துணியை அவுத்துப் பையில போடு, சீக்கிரம்.