38ஆ 32ஆ? ஒரு மார்க் போன கதை

பொண்ணு டெஸ்ட் பேப்பர கையில வச்சுக்கிட்டு மூஞ்சிய தூக்கிட்டு உக்காந்திருந்தா. ஒரு குளுக்கோஸ்ல இருந்து செல்லுக்கு எத்தன ஏடிபி (செல் செலவழிக்குற சக்திக் காசு) கிடைக்கும்னு கேள்வி, இவ 32னு எழுதிருக்கா, அத அடிச்சு சிவப்பு மைல 38, ஒரு மார்க் காலி. மார்க் போனா போகட்டும்ங்க, எனக்கு கோவம் வேற.

எங்க ஐயாவோட அப்பச்சி ரங்கூன்ல கடை வச்சிருந்தவரு. அவரு பாஷைல சொன்னா, குளுக்கோஸ்ங்கிறது அந்தக் காலத்து உண்டியல் மாதிரி, அதாவது காசுக்குப் பதிலா எழுதிக் குடுக்குற சீட்டு, மதிப்பு பெருசு, ஆனா அத நீட்டி டீ வாங்க முடியுமா? மாத்தணும்ல. அந்தச் சில்லறைதான் ஏடிபி. (மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச சுப்பாராவ், ஹார்வர்டுல ஃபிஸ்க் கூட சேந்து 1929ல இதக் கண்டுபிடிச்சாரு, அதே வருஷம் ஜெர்மனில லோமனும். இத எந்த வாத்தியாரும் எனக்கு சொன்னதில்ல.)

மொதல்ல குளுக்கோஸ் ரெண்டா உடையுது, அதுல நிகரமா ரெண்டே ஏடிபி, ஆக்சிஜனே வேணாம். மிச்ச வரவு பூரா செல்லுக்குள்ள இருக்குற மைட்டோகாண்ட்ரியாங்கிற சக்தி ஆலைல. அங்க குளுக்கோஸ்ல இருந்து உருவுன எலக்ட்ரான் கை மாறி கை மாறி போகப் போக புரோட்டான வெளிப்பக்கம் தள்ளித் தேக்குது, நம்ம கண்மாய்ல தண்ணி தேங்குற மாதிரி. மடையத் தொறந்தா பாயுமே, அப்படி புரோட்டான் திரும்ப உள்ள பாயுறப்ப ஒரு குட்டி எந்திரம் நெசமாவே சுத்துது, அந்தச் சுத்துலதான் ஏடிபி உருவாகுது. இத பீட்டர் மிட்செல்ங்கிற விஞ்ஞானி 1961ல சொன்னப்ப ரொம்பப் பேரு நம்பல, 1978ல நோபல். ஆக்சிஜன் வேல என்னன்னா கடைசில நின்னு அந்த எலக்ட்ரான வாங்கிக்கிட்டு தண்ணியாகுறது, அம்புட்டுதான். அது வாங்கலேன்னா வரிசை மொத்தமும் ஸ்தம்பிச்சுரும். நாம மூச்சு இழுக்குறதே இதுக்குத்தான்.

இப்ப 38க்கு வாரேன். அது தரகு கழிக்காத கணக்கு! ஏடிபி செய்ய வேண்டிய பாஸ்பேட்ட உள்ள கொண்டாரவும் ஏடிபிய வெளிய அனுப்பவும் கொஞ்சம் செலவாகுது, எல்லாம் போக கைக்கு வர்றது 30ல இருந்து 32. ரங்கூன் கடைல இப்படி கமிஷன் கழிக்காம பேரேடு எழுதிருந்தா, கல்லாவப் பாத்துக்குற பெட்டியடிப் பையன அன்னைக்கே ஊருக்குக் கப்பல் ஏத்திருப்பாங்க, இங்க என்னடான்னா கழிச்சு எழுதுன புள்ளைக்கு மார்க் கட்.

அடுத்த தடவையும் 32னே எழுது, ஏன்னு ரெண்டு வரி சேத்துக்கன்னு சொல்லிருக்கேன். எங்காத்தா எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஒரு மார்க்குக்கு இம்புட்டுப் பேச்சா"ன்னு பணியாரக் கல்லத் தொடைக்கப் போயிட்டாங்க.