தோற்றவர்களுக்கும் சுயம்வரத்தில் தர்மம் உண்டு

திரௌபதிக்கு எடுக்கும் சைத்ர பௌர்ணமிக் கரகம் நெருங்கினால் பெங்களூரில் திகளர்பேட்டை தர்மராயர் கோயில் பக்கம் மட்டுமல்ல, அல்சூர், சிவாஜிநகர்த் தமிழ் வீடுகளிலும் திரௌபதி பேச்சு வந்துவிடும். பேச்சு போய் நிற்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: மேலே சுழலும் மீன், கீழே தண்ணீரில் அதன் நிழல், அர்ஜுனன் விட்ட அம்பு.

வியாச பாரதத்தில் அந்த மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை. வளைக்க முடியாத விறைப்பான வில், ஆகாயத்தில் கட்டிய ஒரு யந்திரம், அதில் துளை, துளைக்கு அப்பால் இலக்கு, ஐந்து அம்புகள். இவ்வளவுதான். மீன் பின்னால் வந்து சேர்ந்த அழகு, அதோடு எனக்குச் சண்டை இல்லை. மீன் விழுந்ததும் கதையை முடித்துவிடுகிறார்களே, அதுதான் வருத்தம். சுயம்வரத்தில் தர்மம் சோதனைக்கு வருவதே மாலை விழுந்த பிறகுதான்.

பாஞ்சாலத்தில் நடந்த முறையைப் பாருங்கள். அரசர்கள் வந்து தங்கி, விருந்தும் கூத்துமாக நாட்கள் போய், 16ஆம் நாள்தான் திரௌபதி பொன்மாலையோடு அரங்குக்கு வருகிறாள். பாஞ்சால அரச குலமான சோமகரின் புரோகிதர் தீ வளர்த்து நெய் சொரிகிறார். வாத்தியங்கள் அத்தனையும் நிறுத்தப்படுகின்றன. சபை அடங்கியதும் அவள் அண்ணன் திருஷ்டத்யும்னன் நிபந்தனையைச் சொல்கிறான்: குலமும் வடிவும் பலமும் உடையவர் எவர் இதைச் செய்தாலும் என் தங்கை இன்றே அவருக்கு மனைவி, நான் பொய் சொல்லவில்லை. அதற்கப்புறம் வந்திருக்கும் அரசர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தங்கைக்கு அறிமுகம் செய்கிறான். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று மணப்பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்தால் பெண் கிடைப்பாள் என்று வந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் வில்லைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

திரௌபதியின் தந்தை துருபதன் மனதில் அர்ஜுனன்தான் மருமகன் என்று இருந்தது உண்மை. அதை அவன் வெளியே சொல்லவும் இல்லை. ஆனாலும் போட்டி எல்லோருக்கும் ஒன்றுதான். கர்ணன், சல்லியன் போன்றவர்களே வளைக்க முடியாத வில்லை இந்தப் பையன் எப்படி வளைப்பான் என்று அந்தணர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்தண வேடத்தில் எழுந்த அர்ஜுனன் வளைத்துவிட்டான்.

அதன் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. சுயம்வரம் க்ஷத்திரியருக்கே உரியது, அந்தணனுக்கு இதில் அதிகாரம் இல்லை என்று அரசர்கள் கொதிக்கிறார்கள். அறிவிப்பில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. அந்தணனைக் கொல்வது பாவம், அதனால் துருபதனைக் கொல்வோம் என்கிறார்கள். நம்மில் யாரையும் இந்தப் பெண் விரும்பாவிட்டால் அவளைத் தீயில் தள்ளிவிட்டு ஊர் திரும்புவோம் என்றும் சொல்கிறார்கள். இவ்வளவு நேரம் அவளுக்காக வில்லோடு போராடியவர்கள் இவர்கள்! நிபந்தனையை முன்னால் ஏற்றுக்கொண்டுவிட்டுத் தோற்றதும் திருத்துவது அப்பட்டமான அதர்மம். அதை நான் மன்னிக்க மாட்டேன்.

கர்ணன் அர்ஜுனனோடும் சல்லியன் பீமனோடும் மோதுகிறார்கள். எதிரில் நிற்பது பிரம்ம தேஜஸ், அந்தணருக்கே உரிய ஆற்றல் என்று கருதிக் கர்ணன் விலகுகிறான். பீமன் சல்லியனைத் தூக்கிப் போடுகிறான், கொல்லவில்லை. கடைசியில் கண்ணன் அரசர்களிடம் சொல்லும் வார்த்தையில்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது: இவள் தர்மப்படி அடையப்பட்டவள். அரங்கிலேயே இருந்தும் கண்ணனும் பலராமனும் வில்லைத் தொடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பீஷ்மர் விஷயம் வேறு. காசி இளவரசிகள் மூவரின் சுயம்வரத்தில் அவர் மாலை விழும்வரை காத்திருக்கவே இல்லை. எட்டு வகைத் திருமணங்களை எடுத்துச் சொல்லி, எதிரிகளை அடக்கித் தூக்கி வருவதே க்ஷத்திரியருக்கு மேலானது என்று அறிவித்து, தடுப்பவர் தடுக்கலாம் என்று தனி ஆளாகத் தேரில் நின்றார். ஒளிவு மறைவு இல்லை. விட்டது ஒரே ஒரு கேள்வி: தேரில் ஏறிய மூன்று பெண்களிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அஸ்தினாபுரத்தில் கல்யாண ஏற்பாடு நடக்கும்போதுதான் அவர்களில் மூத்த அம்பை, சால்வ மன்னனை வரித்திருப்பதைச் சொல்கிறாள். அந்தணர்களோடு கலந்து பேசி உடனே அனுப்பி வைத்தார், சரி. ஆனால் தூக்கிப் போனவளை ஏற்க மாட்டேன் என்று சால்வன் கைவிரித்தான். தருமரின் ராஜசூய வேள்விச் சபையில் சிசுபாலன் இதைச் சொல்லியே பீஷ்மரை இடித்துரைக்கிறான். அவன் வாயில் வந்தாலும் அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதுதான்.

கலிங்க இளவரசி தன் சுயம்வரத்தில் மாலையிடாமல் துரியோதனனைக் கடந்து நடந்து போனாள். அவளையும் அவன் தூக்கினான், காவலுக்குக் கர்ணன் போனான். இங்கே பீஷ்மர் சொன்ன சாஸ்திரம்கூடக் கிடையாது, கிடைக்கவில்லை என்ற ஆத்திரம் மட்டுமே.

தோற்கத் தெரிந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் தமயந்தி சுயம்வரம் நடந்த விதர்ப்பத்துக்குப் போங்கள். இந்திரன், அக்னி, வருணன், யமன் நால்வரும் நளன் உருவத்தில் வரிசையில் நிற்கிறார்கள். செய்தது சூழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் தமயந்தி சத்தியத்தை முன்வைத்து வேண்டியதும் தங்கள் அடையாளங்களைக் காட்டுகிறார்கள்: வியர்வை இல்லை, கண் இமைப்பதில்லை, மாலை வாடவில்லை, கால் தரையில் படவில்லை. நளனுக்கு நிழல் விழுகிறது, உடம்பில் தூசி, மாலை வாடியிருக்கிறது. அவள் நளனின் ஆடை ஓரத்தைப் பிடித்து மாலையிடுகிறாள். தோற்ற நால்வரும் ஆளுக்கு இரண்டாக எட்டு வரங்கள் தந்துவிட்டுக் கிளம்புகிறார்கள். வழியில் எதிர்ப்பட்டவன் கலி புருஷன், தமயந்தியை நாடிச் சுயம்வரத்துக்கு வந்துகொண்டிருந்தவன். சுயம்வரம் முடிந்துவிட்டது என்று இந்திரன் சொல்லியும், தேவர்கள் சம்மதித்துத்தான் நடந்தது என்று விளக்கியும் அவனுக்கு ஆறவில்லை. அரங்கில் காலே வைக்காத அவன்தான் 12ஆம் வருடம்வரை காத்திருந்து, நளன் கால் கழுவாமல் சந்தியாவந்தனம் செய்த ஒரு நாளில் அவனுக்குள் புகுந்தான்.