மறைத்துவிட்டார்களாம்!

அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அல்சைமர் என்கிற மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டதாம், கம்பெனிக்காரர்கள் மறைத்துவிட்டார்களாம். எந்த வீடியோ என்று உங்களுக்கே தெரியும். அதில் வரும் மருந்தின் பெயர் இன்டெபிர்டின்.

மறைத்தார்களா? கூரை ஏறிக் கூவினார்கள். கிளாக்ஸோஸ்மித்க்ளைன் என்ற மருந்துக் கம்பெனி சோதித்துப் பார்த்து ஓரமாக வைத்திருந்த மருந்து அது. 2014 டிசம்பரில் 50 லட்சம் டாலர் முன்பணம் கொடுத்து ஆக்ஸோவன்ட் வாங்கியது. பின்னாளில் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்றாரே விவேக் ராமசாமி, அவருடைய கம்பெனிதான். 2015 ஜூனில் பங்கு வெளியிட்டு 31.5 கோடி டாலர் திரட்டினார்கள். மருந்துக் கடைக்கு வராத மருந்து, பங்குச் சந்தைக்கு மட்டும் வந்தது.

2017 செப்டம்பரில் மருந்துச் சோதனையின் முடிவு வந்தது. 1,315 அல்சைமர் நோயாளிகள், 24 வாரம். எல்லோரும் ஏற்கெனவே டோனெபெசில் என்ற மறதி நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அதோடு சிலருக்கு இந்த மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. நினைவாற்றல் தேர்விலும் சரி, அன்றாட வேலைகளிலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. ஒரே நாளில் பங்கு விலையில் முக்கால்வாசி போச்சு. இதுவா மறைப்பது?

"நோயாளிக்கு வெறும் மாத்திரை கொடுப்பது பாவமில்லையா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, என் அம்மாவுக்கும் டோனெபெசில்தான். ஆரம்பித்த மூன்றாவது வாரம், காலையில் காபியை வைத்துவிட்டு, "மோட்டார அணைச்சியா?" என்று கேட்டாள். மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு, மாமாவுக்கு, எல்லோருக்கும் போன் போட்டேன். மறுநாள் டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டத்தை அழகாகப் போட்டாள். பன்னிரண்டு எண்களையும் வலது பக்கமே அடுக்கிவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் இருக்கிறவர்களின் கண்ணை நம்ப முடியாது தம்பி. அதற்குத்தான் சிலருக்கு வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது.

கம்பெனிகள் பேராசை பிடித்தவை என்கிறீர்களா? ஆமாம், இல்லை என்று யார் சொன்னது? அந்தப் பேராசைக்காரர்கள் வேலை செய்கிற மருந்தை ஏன் பூட்டி வைக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன். விற்றால் கொட்டுமே பணம்! வல்லாரை என்று எழுதப்போகிறவர்களுக்கு: நான்கு வருஷமாகத் துவையல் அரைக்கிறேன். அம்மாவுக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்.

மறைக்கவில்லை, தோற்றது. இதைச் சொன்னால் ஏன் இவ்வளவு கோபம்? எனக்கு மட்டும் அந்த மாத்திரை ஜெயித்திருக்கக் கூடாதா?

அந்தப் பதினோரு பேரில் பெரியம்மா பையனும் ஒருவர். "சித்திக்கு இதை ஏன் இன்னும் கேக்கல? கொஞ்சம் அக்கறை எடுத்துக்கோ" என்று கீழே ஒரு வரி. அக்கறை! ராத்திரி இரண்டு மணிக்கு, பத்து வருஷத்துக்கு முன் விற்ற வீட்டுக்குப் போகணும் என்று கதவைத் தட்டுகிறவளைப் பிடித்து உட்கார வைப்பதற்குப் பேர் என்ன அண்ணா?

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். இரண்டு மணி நேரம் போதும், நான் பேங்க் வேலை, கடைகண்ணி எல்லாம் முடித்துவிடுவேன். உங்களைத் தாத்தா பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். திருத்தாதீர்கள், அழுதுவிடுவாள்.