துடிப்பு குறையாதவர்களுக்கும் பேஸ்மேக்கர் உண்டு

இதயத்தை மின்தூண்டலால் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவி, இதயத் துடிப்பு குறைந்தவர்களுக்கு மட்டுமே என்று ஒரு கட்டுரை சொல்வது எனக்கு வருத்தமளிக்கிறது. என் அப்பாவுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 78, அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இதயத்தின் இடப்பக்க மின்பாதை தடைப்பட்டு, இடது கீழறையின் ஒரு சுவர் சுருங்கி முடித்த பிறகே எதிர்ச்சுவர் சுருங்கியது. துடுப்புகள் ஒத்துப் போடாத படகு போல, உழைப்பெல்லாம் வீண். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது.

இத்தகையோருக்கு மூன்று கம்பிகள் கொண்ட பேஸ்மேக்கர் இருக்கிறது. மூன்றாவது கம்பி இதயத்தின் சிரை வழியாக இடது கீழறையின் வெளிப்புறத்தை அடைந்து, இருபுறமும் ஒருசேரச் சுருங்கத் தூண்டுகிறது. ஐரோப்பாவில் இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்க முடியாத நிலை) உள்ள 813 பேரிடம் நடத்தி 2005இல் வெளியான கேர்-எச்எஃப் ஆய்வில், சராசரியாக 29 மாதங்களில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 30 விழுக்காட்டினர் இறந்தனர். கருவியும் பொருத்தியவர்களில் 20 விழுக்காட்டினர். இது சின்ன வித்தியாசமா?

எல்லோருக்கும் பலிக்காது என்பதும் உண்மை. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பெரிய பலன் கிடைப்பதில்லை. அதனால்தான் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் இசிஜியில், கீழறைகள் தூண்டப்படும்போது எழும் அலையின் (QRS) அகலத்தை, அதாவது அது நீடிக்கும் நேரத்தைப் பார்க்கிறார்கள். 150 மில்லிவினாடிக்கு மேல், இடப்பக்கத் தடையும் இருந்தால் பலன் அதிகம். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். அப்பாவுக்கு அதை யாரும் சொல்லாமலே இரண்டு ஆண்டுகள் போய்விட்டன.